நாற்பது பேருக்கு ஒரே முகம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காமிக்ஸ் வரைவேன். விஜயநகரப் படை மதுரை சுல்தானை வென்ற கதையைப் பிள்ளைகளுக்காக வரைந்து தரும்படி ஒரு பதிப்பகத்தில் சொன்னார்கள். சரித்திரத்தில் ஒரு தப்பு வரக்கூடாது என்று எனக்கு வெறி. குதிரையேறக் கால் வைக்கும் அங்கவடி எப்படி இருந்தது, வாள் எங்கே வளைந்தது என்று ஏழு மாதம் தேடினேன். சேணத்தின் தையலுக்கு மட்டும் புத்தகம் தேவைப்படவில்லை. கட்டிங் செக்‌ஷனில் பாய் இருந்தார், பதினோரு வருஷ சிநேகிதர். டீ இடைவேளையில் துண்டுத் தோலை மடித்துக் காட்டி, "இங்க குத்துனா ரெண்டே நாள்ல பிஞ்சுடும் தோஸ்த், இப்படிப் போடு" என்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அளவில் மாதிரி ஷூ செய்து, ஒரே ஆளின் காலில் போட்டுப் பார்ப்போம். அவருக்குச் சரியென்றால் அதையே கூட்டியும் குறைத்தும் எல்லா அளவுக்கும் வெட்டிவிடுவோம். பழக்க தோஷம், முகத்துக்கும் அதையே செய்து தொலைத்தேன். சுல்தானின் சிப்பாய்க்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பாயைப் பார்த்து வரைந்தேன். பிறகு அதையே கொஞ்சம் பெரிசாக்கி, கொஞ்சம் சின்னதாக்கி, நாற்பது பேருக்கும் ஒட்டினேன். அவருடைய தாடி, வெள்ளைத் தொப்பிகூட அப்படியே. அந்தப் படையில் பல ஊர்க்காரர்களும் பல மதத்தவரும் இருந்திருப்பார்கள் என்று படித்து நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். புத்தியை எங்கே அடகு வைத்தேனோ.

அச்சாகி வந்த புத்தகத்தைப் பிரித்தபோதுதான் கண்ணில் பட்டது. விழுகிறவன், ஓடுகிறவன், கையெடுத்துக் கும்பிடுகிறவன், எல்லாரும் பாய். பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். கடைகளுக்கு அனுப்பியாகிவிட்டதாம். "பசங்க புக்கு சார், யார் இதெல்லாம் பாக்கப்போறாங்க?" என்றார்கள்.

நாலு நாள் பாயின் கண்ணில் படாமல் சுற்றினேன். கேன்டீன் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் கேட்டிலேயே பிடித்துவிட்டார். "இன்னா தோஸ்த், புக்கு வந்துடுச்சு, சொல்லவே இல்ல? கடையில வாங்கிட்டேன். பொண்ணோட சேந்து பாக்கலாம்னு நானே இன்னும் பிரிக்கல. வீட்டுக்கு வா."

போனேன். மூன்றாவது படிக்கும் மகள் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். பாய் முதலில் சேணத்தைத்தான் தேடினார். "தையல் கரெக்டா வந்திருக்கு பாரு" என்று என் தோளைத் தட்டினார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு முகத்தில் விரலை வைத்தாள், பிறகு அடுத்ததில், பிறகு அதற்கடுத்ததில்.

"அப்பா, இது எல்லாம் நீதானே? ஏன் ஓடறே?"

பாய் குனிந்து பார்த்தார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"தெரியலடா கண்ணு. மாமா நிறையப் படிச்சிட்டுத்தான் வரைஞ்சிருக்காரு. அவரையே கேளு" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா இன்னா தப்பு பண்ணாரு மாமா?"