அரைநூலாரின் பன்னிரண்டு இழுப்பறைகள்

பக்கத்து வீட்டுக்காரர் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறார். இந்தக் காலையில் இது நான்காவது முறை. கூர் போதாதாம். கோடு தடிமனாக விழுந்தால் அதற்கு இந்தப் பக்கம் அறுப்பதா, அந்தப் பக்கம் அறுப்பதா என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி வந்தால் அன்றைய வேலை அதோடு சரி. பலகையின் மறுமுனையைத் தாங்கியபடி நான் நிற்கிறேன். "கை வலிக்குதா?" என்று கேட்கிறார். வலிக்கிறது என்றால் "இதோ, ஆச்சு" என்பார். வலிக்கவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்.

தெருவில் அவருக்கு அரைநூல் என்று பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ஒரு நூல் என்பார்கள். "ஒரு நூல் கூடக்குறைய இருந்தா என்ன சார், பசையை அப்பிட்டுப் போவீங்களா?" என்று மரக்கடைக்காரர் ஒருமுறை சொல்லப்போக, "ஒரு நூலா? அரை நூல் தப்பினாலே எனக்குச் சோறு இறங்காது" என்று இவர் பதில் சொன்னார். கடையில் நின்றவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அவருடைய மனைவியே கோபம் வந்தால், "அண்ணே, உங்க அரைநூல் அங்க என்னதான் பண்ணுது?" என்று சுவருக்கு மேலாக என்னிடம் கேட்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருக்குத் தொழில். அங்கே மயிரிழை தவறினாலும் எங்கோ ஒருவருக்குத் தலைவலி வரும். ஆகவே அந்தக் கண் அவருக்கு நியாயமானதுதான். அதே கண்ணோடு மரத்துக்கு வந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. தச்சுவேலையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பட்டறை பட்டறையாகப் போய், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்று அவர்கள் விரட்டும்வரை நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகை இருந்தது. இப்போது அங்கே வேலைமேசை இருக்கிறது. சுவரில் ஒவ்வொரு உளிக்கும் அதன் உருவத்தை வரைந்து அந்த இடத்தில் மாட்டியிருக்கிறார். ஸ்கூட்டர் வெளியே மழையில் நிற்கிறது.

அந்தக் கொட்டகையில் பதினான்கு மாதமாக உருவாகிக்கொண்டிருந்தது ஓர் இழுப்பறை அலமாரி. ஆள் உயரம், இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆகமொத்தம் பன்னிரண்டு இழுப்பறைகள். மனைவிக்காகத்தான். அவர் முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறார். வாடிக்கையாளர்களின் துணியெல்லாம் கட்டிலிலும் நாற்காலியிலும் பைபையாகக் கிடக்கும். ஒருவர் சட்டைக்குக் கொடுத்த துணியில் இன்னொருவருக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்துவிட்ட அன்று, "ரெண்டே மாசம், உனக்குன்னு ஒரு அலமாரி செஞ்சு தர்றேன்" என்று கணவர் வாக்குக் கொடுத்தார்.

முதல் இழுப்பறையைச் செய்து முடித்தார். இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. அதனால் முதலாவது கண்ணை உறுத்தியது, பிரித்தார். மூன்றாவது இன்னும் நன்றாக வந்தது. இரண்டாவதைப் பிரித்தார். ஆறு மாதம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது கொட்டகையில் ஒரே ஓர் இழுப்பறை இருந்தது, அதையும் அவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக்காற்று அடித்தால் இழைப்புளியைத் தொடமாட்டார், மரம் ஊதியிருக்குமாம். வெயில் ஏறினாலும் தொடமாட்டார், சுருங்கியிருக்குமாம். மூட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடுவார். அப்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. நான் ஒருமுறை தும்மிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து வருடினார்.

போன மாதம், பன்னிரண்டாவது இழுப்பறையும் ஒருவழியாகத் தேறப்போகிற சமயத்தில், அவர் மனைவி கையில் அளவுநாடாவோடு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, சனிக்கிழமை ஸ்கூல் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வராங்க. பன்னெண்டு வகுப்புக்கும் யூனிஃபார்ம். வகுப்பு வகுப்பாத் துணியைப் பிரிச்சு வைக்க இடம் இருந்தாத்தான் தருவாங்களாம். இது கிடைச்சா வருஷம் பூரா எனக்கு வேலை தேடி அலைய வேண்டாம்."

"சனிக்கிழமை அலமாரி உள்ள இருக்கும்."

"எந்தச் சனிக்கிழமைன்னும் சொல்லிடுங்க."

இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நான்கு பேர் சேர்ந்து தூக்கி முன்னறையில் வைத்தோம். அழகாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இழுப்பறைகள் ஓடும் சட்டங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்திருந்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மனைவி இடப்பக்கம் மேலே இருந்ததை மூடினார். வலப்பக்கம் நடுவில் இருந்தது மூன்று விரல் அகலம் தானாக வெளியே வந்தது. அதை மூடினார். கீழே இருந்தது வந்து அவர் முழங்காலில் இடித்தது.

"என்னங்க இது?"

அரைநூலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா? பாத்தியா? காத்து போகக்கூடச் சந்து இல்ல! ஒண்ணைத் தள்ளினா உள்ள இருக்கிற காத்துக்குப் போக வழியில்ல, இன்னொண்ணை வெளிய தள்ளுது. அவ்வளவு கச்சிதம்!"

"கச்சிதம் இருக்கட்டும். மூடினா மூடியிருக்குமா?"

"மெதுவா மூடணும். மனசுக்குள்ள இருபது எண்ணிக்கிட்டே தள்ளு."

"நான் துணி தைக்கிறதா, டிராயருக்குத் தாலாட்டுப் பாடுறதா?"

சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட அம்மா வந்தார். நல்ல குண்டான, சிரித்த முகம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மனைவி வகுப்புச் சீட்டு ஒட்டிவைத்திருந்த அலமாரியைச் சுற்றிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், "அடேயப்பா" என்றார். பிறகு ஒன்றை இழுத்து, எல்லோரையும்போலப் பட்டென்று மூடினார்.

"ஏம்மா டெய்லர், எட்டாங்கிளாஸை மூடினா மூணாங்கிளாஸ் வெளிய வருதே! எங்க புள்ளைங்க மாதிரியே இருக்கு." சிரித்தார். அடுத்ததை மூடிப் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது. "இல்லம்மா, போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர்கிட்ட எல்லா வகுப்புத் துணியும் கலந்துபோயி, நான் பேச்சு வாங்கினேன். துணி வண்டியிலதான் இருக்கு. பக்கத்துத் தெருவுல ஒரு ஜோலி, ஒரு மணி நேரத்துல வர்றேன். இது அதுக்குள்ள அடங்கியிருந்தா இறக்குறேன். இல்லாட்டி முனைக்கடை டெய்லரு கேட்டுக்கிட்டே இருக்காரு, தப்பா நெனைக்காதீங்க."

அவர் போனதும் நான் அலமாரியின் பின்னால் போய்ப் பார்த்தேன். அலமாரியின் முதுகுப் பலகையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு துளை போட்டால் காற்று அதன் வழியே போய்விடும். எனக்கே தெரிந்தது அரைநூலுக்குத் தெரியாதா? ஆனால் அந்த முதுகு, இடித்த கட்டடம் ஒன்றின் உத்தரத்தை வரிசையாக அறுத்து, மரத்தின் ரேகை பலகைக்குப் பலகை தொடரும்படி அவர் மூன்று மாதம் சேர்த்தது.

"சுவரைப் பாத்து நிக்கப்போற பக்கம். யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"நான் பாத்துட்டேனே" என்றார்.

"வேணும்னா ஒவ்வொரு டிராயரையும் ஓரத்துல கொஞ்சம் இழைச்சு…" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டை இழைக்க அவருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலில் கிடந்த துணிப்பைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "பதினாலு மாசம் இந்த மூட்டைங்களுக்கு நடுவுல படுத்து எழுந்திருச்சேன். ஒரு நாளாவது இது கோணல், அது நெளிசல்னு சொன்னேனா? ஒரு ஓட்டைங்க. ஒரே ஒரு ஓட்டை."

அரைநூல் கொட்டகைக்குப் போனார். டிரில் மிஷினோடு திரும்பி வந்தார். அலமாரியின் பின்னால் மண்டியிட்டு, துளைக்கு இடம் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். "ஏங்க, மணி ஆகுது." இரண்டு ரேகைகளுக்கு நடுவே அலகை வைத்தார். அறைக்குள் மிஷின் இரைந்தது. மரத்தூள் அவர் மடியில் கொட்டியது. முடிந்ததும் உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு, யாரும் பார்க்காத அந்த விளிம்பை உருட்டி உருட்டித் தேய்த்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை.

மனைவி ஒவ்வொன்றாக மூடினார். பட், பட், பட். பன்னிரண்டும் போன இடத்திலேயே இருந்தன. பள்ளிக்கூட அம்மா திரும்பி வந்து, நம்பிக்கை இல்லாமல் எட்டாவதை இரண்டு முறை அடித்து மூடினார். பிறகு வாசலைப் பார்த்து, "இறக்குப்பா" என்று குரல் கொடுத்தார்.

துணிக்கட்டுகளைப் பார்த்து இறக்கிவைக்க அந்த அம்மா வெளியே போனார். நாங்கள் அலமாரியைச் சுவரோடு தள்ளக் கைவைத்தோம்.

"ஒரு நிமிஷம், இருங்க" என்றார் அரைநூல். பின்னால் போய் நின்று, துளையின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். "அந்த எட்டாவதை ஒரே ஒரு தடவை மூடேன்."

மனைவி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எட்டாவதை இழுத்து, இடுப்பால் ஓர் இடி இடித்தார். மூன்றாவது இழுப்பறை சத்தமே இல்லாமல் மூன்று விரல் வெளியே வந்து நின்றது.

வாசலில் கட்டுகள் விழும் சத்தம் கேட்டது. அவர் கட்டைவிரலை உடனே எடுக்கவில்லை.