களப்புக்குள் புள்ளி வைத்த எமிலியக்கா

எமிலியக்கா போய்விட்டார். விடியப்புறம், நித்திரையிலேயே...

கொக்கிளாயிலிருந்து யூட் போன் எடுத்துச் சொன்னார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இல்லாத அக்காவுக்கு மகன் மாதிரி.

அழுகையோடேயே கேட்டார்: "சேர், அவா காய்ச்சலுக்கு அரைக்கிற இலை எது? உங்களுக்குக் காட்டினவா எல்லே? என்ர மகளுக்கு நெருப்பாக் காயுது."

அந்த நேரம் தொடக்கம் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அக்காவைத் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் பரியாரி அவர். கொரோனா நேரம், வன்னியில் எந்தப் பரியாரி எந்த மூலிகையைப் பாவிக்கிறார் என்று கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சிலர் வரைபடம் தயாரித்தார்கள். வாத்தியார் வேலை முடிந்து ஸ்கந்தபுரத்தில் பென்ஷனோடு சும்மா இருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை லேசுதான். செடிக்குப் பக்கத்தில் நின்று போனில் ஒரு பொத்தானை அமத்தினால், அந்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும்.

அக்கா உடனேயே சம்மதித்தார். "எனக்குக் கால் ஏலாது மாஸ்ரர். போனைத் தந்திட்டுப் போங்கோ, யூட் அமத்துவான்."

கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் யூட் திருப்பித் தந்தார்.

பிறகு கம்பஸ் பிள்ளை ஒருத்தி போன் எடுத்தாள். "சேர், உங்கட எமிலியம்மாவின்ர மூலிகை எல்லாம் களப்புக்குள்ள நிக்குது!"

உண்மைதான். ஒரு புள்ளிகூடத் தரையில் இல்லை. எல்லாம் நடுத் தண்ணீரில், இறால் படுகிற இடத்தில்...

திரும்பப் போய்க் கேட்டேன். அக்கா மீன் வெட்டியபடி நிமிரவே இல்லை. "ஓம். வள்ளத்தில கொண்டுபோய் அமத்தச் சொன்னனான். இப்ப வரச் சொல்லுங்கோ பாப்பம், உரப்பையோட!"

பின்னால் நின்ற யூட் விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கராயனில் ஒரு பரியாரியார் வரைபடத்துக்குக் காட்டிய நிலவேம்பை, புள்ளியைப் பார்த்து யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து உரப்பையில் வேரோடு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கதை எனக்கு முன்னமே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு என் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, என்னைப் பற்றைகளுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஏலாத கால் எனக்கு முன்னால் போனது. "பாருங்கோ. மணந்து பாருங்கோ. அமத்தாதேங்கோ."

மருந்து அரைக்கும்போது குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார். நோயாளியின் ஆட்கள் இலையைக் காணக்கூடாது, கண்டால் மருந்து பிடிக்காது என்பது அங்கே வழக்கம்.

"மெய்யோ அக்கா?" என்று கேட்டேன்.

"கண்டிட்டா, நாளைக்கு அவனும் பரியாரி எல்லோ?"

ஒரு உதாரணம் சொல்கிறேன், படிப்பித்த வாய் விடாது. கொரோனா நேரம் நான் அங்கே நின்றபோதே ஒரு தாய் இரண்டு பெடியன்களைக் கொண்டுவந்தார். அண்ணன், தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல், ஒரே இருமல்.

அக்கா இரண்டு பேரின் சேர்ட்டையும் கழற்றச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பிக்குக் கசாயம் கொடுத்தார். அண்ணனுக்கு இல்லை. "இவனுக்கு விலா உள்ளுக்கு இழுக்குது. என்ர இலை காணாது. ஆசுபத்திரிக்கு ஏத்துங்கோ."

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வயித்தில பிறந்ததுகள். ஓரவஞ்சனை செய்யிறியளோ?"

"ஒரு வயித்தில பிறந்ததெண்டு காய்ச்சலுக்குத் தெரியுமோ மோள்? முதல் ஏத்துங்கோ, பிறகு வந்து என்னை ஏசலாம்."

பெரியவன் ஒக்சிசன் வைத்துத்தான் தப்பினான்.

அதனால்தான் இன்றைக்கு யூட்டிடம் இலையைச் சொல்லவில்லை. தெரியும். ஆனால் சொல்லவில்லை.

"சாப்பிட்டதைச் சத்தி எடுக்கிறாளோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஓம் சேர், விடிய இருந்து. வயித்துக்குள்ள நோகுதெண்டும் அழுகிறாள்."

ஊரெல்லாம் டெங்கு. காய்ச்சலோடு சத்தியும் வயிற்று நோவும் என்றால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. "இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"எப்பிடிச் சேர்? பெட்டி வரப்போகுது. நான் இல்லாம ஆர் தூக்கிறது? செத்தவீட்டை விட்டிட்டுப் போனா சனம் என்ன சொல்லும்? நீங்கள் இலையைச் சொல்லுங்கோ, அரைச்சுக் குடுத்திட்டு நிக்கிறன். அவா இருந்தா குடுத்திருப்பா."

"அவா இருந்தா முதல் பிள்ளையைப் பாத்திருப்பா."

போனை வைத்துவிட்டார்.

திரும்ப எடுத்தேன். பதில் இல்லை. திரும்பவும்... இல்லை.

வட்ஸ்அப்பில் இலையின் பெயரை எழுதினேன். அழித்தேன். "ஆசுபத்திரி" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பார்த்தாரோ தெரியாது.

படலை வரை போகிறேன், வருகிறேன். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. அக்காவை நினைத்து ஒரு சொட்டு அழவும் முடியவில்லை, அந்தச் சின்னப்பிள்ளையின் வயிறுதான் மனதில் நிற்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இப்போதுதான் யூட்டின் குரல் பதிவு வந்தது. ஓட்டோச் சத்தத்துக்கு மேலால் கத்துகிறார்.

"சேர், பிள்ளையை ஏத்திட்டன், போய்க்கொண்டிருக்கிறம். அக்கான்ர வாசலாலதான் வந்தனாங்கள். பந்தல் போடுற ஆக்கள் எல்லாரும் பாத்தவை. நிப்பாட்டேல்லை. இறங்கி முகம்கூடப் பாக்கேல்லை... அவா கோவிப்பாவோ சேர்?"

பதில் போட்டேன். "கோவிக்க மாட்டா. நிண்டிருந்தாத்தான் ஏசியிருப்பா. நீங்கள் பிள்ளையோட நில்லுங்கோ. நான் பஸ் எடுக்கிறன், பெட்டி தூக்க உங்கட இடத்தில நான் நிக்கிறன்."

வெளிக்கிடுகிறேன்.

அக்கா, கொஞ்சம் பொறுங்கோ... வந்துகொண்டிருக்கிறன்.