கச்சேரி பங்களாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை காலை ஆறேகால் மணி. தாம்பரத்தில் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனேயே இறங்கிவிடலாமா என்று இருந்தது. ஓர் இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் நமநமவென்று அரிக்கும். இது 2003-இல். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு, குரோம்பேட்டையில் தனிக்கட்டையாக இருந்தவள். "ரெண்டு நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துடுவியா நீ?" என்று ஆபீஸில் கேலி செய்தார்கள். அந்த வீம்பில்தான், பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் புதுப்பித்து வாடகைக்கு விடும் பழைய ஜமீன் வசூல் கச்சேரிக் கட்டடம் ஒன்றில் இரண்டு இரவுகளுக்குச் சொல்லி வைத்தேன். பஸ் டிக்கெட் எண்பத்திரண்டு ரூபாய். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஜன்னலை ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் ஒரு மணி. ஜெயங்கொண்டத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. செந்துறை ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ தொண்ணூறு ரூபாய். கடைப் பலகைகளில் ஒன்றில் அரியலூர் மாவட்டம், அடுத்ததில் பெரம்பலூர் மாவட்டம் என்றிருந்தது. எதுதான் சரி என்று டிரைவரைக் கேட்டேன்.

"ரெண்டு வருசம் முன்னாடி பிரிச்சாங்க, போன வருசம் திருப்பிச் சேத்துட்டாங்க. நாம இருந்த எடத்துலயேதாங்க இருக்கோம், போர்டுதான் அலையுது" என்றார். எனக்கு அந்த போர்டைப் பிடித்துவிட்டது.

முந்திரிக் காட்டுக்கு நடுவே, செம்மண் பாதையின் முடிவில் கட்டடம். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டு ஊர்களின் குத்தகையை இங்கே உட்கார்ந்துதான் வசூலித்திருக்கிறார்கள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. தேக்குத் தூண்களை இழைத்து எண்ணெய் பூசியிருந்தார்கள். பத்திரங்கள் அடுக்கியிருந்த அறைதான் என் படுக்கையறை. கணக்குப்பிள்ளை உட்கார்ந்த பெரிய கூடத்தில் பிரம்பு நாற்காலிகள். அழகுதான், குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய் வாங்குகிறார்கள், அழகாய் இல்லாவிட்டால் எப்படி?

பங்களாவைப் பார்த்துக்கொள்பவர் முருகேசன், நாற்பத்தைந்து வயது இருக்கும். சமையல் அவர் மனைவி செல்வி. சாயங்காலம் நான்கு மணிக்குள் எல்லா அறைகளையும் மூன்று சுற்றுச் சுற்றி வந்து, கிணற்றை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டேன். முருகேசன் எதிரே வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"நாளைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போயிட்டு வாங்களேன்மா. காலையில போனா சாமி கும்பிட்டுட்டு, மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வெளிப்பக்கத்துச் செலையெல்லாம் பாக்கலாம்."

"பார்ப்போம்" என்றேன்.

"பாக்காம போனா மனசு கேக்காதும்மா. ரெண்டு மணியாவது ஆவும்."

என்னடா இது, காசு கொடுத்துத் தங்க வந்தவளைக் கிளப்பிவிடுவதிலேயே குறியாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

ஞாயிறு காலை எட்டரை மணி. நான் சொல்லாமலே ஆட்டோ வந்து வாசலில் நின்றது. இட்லியை முழுதாக மெல்லக்கூட விடவில்லை, செல்வி தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தார். ஒன்பதரைக்குக் கோயில். அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்ததும் வாயடைத்து நின்றது உண்மை. வயிறு சரிந்த அந்தப் பெரிய நந்திக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்காரவும் செய்தேன். ஆனால் என் கால் சும்மா இருக்குமா? பத்தரைக்கெல்லாம் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். டிரைவர் திருதிருவென்று விழித்தார். "ரெண்டு மணின்னுல்லங்க சொன்னாங்க?" என்றார். யார் சொன்னது? நான் சொல்லவில்லையே!

பதினொன்றரை மணி. பங்களா வாசலில் ஒரு வேன். கூடத்துப் பிரம்பு நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர், நடுவில் புதுச் சட்டையில் ஓர் இளைஞன். முருகேசன் வெள்ளை வேட்டியில் நின்றவர் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனார். நான் யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று என் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். என் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. என் கட்டிலில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண். செல்வி அவளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? இது என் ரூம் இல்லையா?" என்று கத்தியே விட்டேன்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, கோவப்படாதீங்க. எம் பொண்ணு தமிழரசி. மீன்சுருட்டியிலேர்ந்து பொண்ணு பாக்க வந்திருக்காங்க. மொத ரெண்டு எடம் எங்க வூட்டப் பாத்துட்டே தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க. புடிச்சிருந்தாத்தான் பொண்ணு வூட்டுல கை நனைப்பாங்க, ஒரு வாய் சோறு சாப்பிடுவாங்க. இந்தத் தடவ இங்க ஒக்கார வச்சிருக்கோம். அவங்க இத எங்க வூடுன்னே நெனச்சிட்டாங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிடும். அர மணி நேரம், பொண்ணுக்கு அத்தைன்னு ஒக்காருங்கம்மா."

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரியாதா?" என்றேன்.

தமிழரசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். செந்துறையில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிற பெண்ணாம். "எங்க வூட்டுக்காரர் பேச்ச ஏன் கேட்டேன்னு எனக்கே வெக்கமா இருக்கும்மா" என்று செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "குத்தகை கட்ட வந்த இவரு தாத்தா இந்தக் கூடத்துக்குள்ள காலு வச்சதில்ல, முத்தத்துலயே நிப்பாராம். எம் பொண்ண இங்கதான் ஒக்கார வப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன்.

தமிழரசி காபித் தட்டோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கையில் தம்ளரை வைத்துக்கொண்டே தூண்களைப் பார்த்தார், மேல்தளத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன மொறைங்க?"

முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால், அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தமிழரசி சொல்லிவிட்டாள்.

"அவங்க மெட்ராஸ்லேர்ந்து வாடகைக்குத் தங்க வந்தவங்க. இது எங்க வூடு இல்லங்க. அப்பா இங்க வாச்மேன். எங்க வூடு பின்னாடி கெடக்கு, ஆஸ்பெட்டாஸ் போட்டது. ரெண்டே ரூம்."

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். முருகேசன் தூணைப் பிடித்துக்கொண்டார். கைகால் சும்மா இருக்காத நான் அசையாமல் இருந்தேன்.

"சாப்பாடு எங்க ஆக்குனீங்க?" என்று அந்த அம்மா செல்வியைக் கேட்டார்.

"எங்க வூட்டு அடுப்புலதாங்க."

"அப்பறம் அத இங்க எதுக்குத் தூக்கியாந்துகிட்டு? ஆக்குன எடத்துலயே எலயப் போடுங்க. இவ்வளவு நேரமா இந்தப் பெரிய வூட்டப் பாத்து, பெரிய எடத்துச் சம்பந்தம் எம் புள்ளைக்கு எப்படிக் கட்டுபடியாவும்னு கவலையாயில்ல இருந்துச்சு!"

முருகேசன் அழுதுவிட்டார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

பின்பக்கத்து வீட்டில் ஒரே பந்தியில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. நாலு நாலு பேராக உட்கார்ந்தோம். முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும். என் இலைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா.

"சித்திரையில கல்யாணம்னா பொடவ எடுக்க மெட்ராசுக்கு வரணும். உங்க வூடு பெருசா?"

"மூணு ரூம்."

"வந்தா தங்கலாமா?"

யாரையும் வீட்டுக்கு அழைத்துப் பழக்கமில்லாதவள் நான். நானே வீட்டில் தங்குவதில்லையே! ஆனாலும் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

திங்கள் காலை ஏழு மணி. சொன்னபடி இரண்டு இரவுகளும் தங்கியாகிவிட்டது. ஜெயங்கொண்டத்தில் சென்னை பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்தத் தேக்குத் தூண் கூடத்தைவிட என் வீடு சின்னது, பின்பக்கத்து வீட்டைவிடப் பெரியது. அதில் வெளியாள் ஒருவர் இலை போட்டுச் சாப்பிட்டு எத்தனை வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அடுக்களையில் இருப்பது இரண்டே தட்டு. தாம்பரத்தில் இறங்கியதும் பாத்திரக் கடைக்குப் போக வேண்டும்.