வெளியேறு என்று சொல்லாத பதிப்பு

சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற ஓர் அச்சகத்தில் அப்போது நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். வீடு விருதுநகரில், மிளகாய் மண்டிகளுக்குப் பின்தெருவில். காலையில் தும்மிக்கொண்டே பஸ் ஏறுவேன். இறங்கியதும் மை வாசம் வரவேற்கும். அச்சகத்தின் இணையதளம் என் பொறுப்பு. அதை நடத்த ஓர் இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பக்கங்களைச் சேர்க்கலாம், படங்களை மாற்றலாம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம்.

ஆர்டர் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். ஏழாயிரம்பண்ணைக்காரர். வீட்டில் எல்லோருக்கும் பட்டாசு வேலை. அவரும் இரண்டு வருஷம் ஆலையில் பெட்டி ஒட்டியவர்தான். வேலை முடிந்து சாத்தூர் போய் டைப்ரைட்டிங் படித்து, தமிழ் ஹையர் தேறி, எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். அவர் தட்டும் வேகத்தில் கீபோர்டு மழை பெய்வது போலச் சத்தமிடும். ஆனால் தமிழில் மட்டும். இங்கிலீஷ் என்றால் கைகளை மடியில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் நான் இருக்கன்குடியில் தங்கை மகளுக்கு முடியிறக்கப் போயிருந்தேன். அன்று பார்த்து, ஒரு படத்தை மாற்றச் சொல்லி வெளியூர் ஏஜெண்டிடமிருந்து போன் வந்திருக்கிறது. அக்கா துணிந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு பட்டனை அமுக்கியிருக்கிறார். அந்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் மொத்தமும் தளத்திலிருந்து காணாமல் போய்விட்டன. மறுநாள் நகலிலிருந்து அரைமணி நேரத்தில் மீட்டுவிட்டேன். ஆனால் அக்கா அந்தத் திரைப் பக்கமே திரும்பவில்லை.

"ஒண்ணும் ஆகலையேக்கா" என்றேன்.

"ஒனக்கு ஆகல பிள்ள. எனக்கு அன்னிக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. மொதலாளி ஒரு வார்த்தை கேக்கல, அதான் இன்னும் சங்கடமா இருக்கு."

சில வாரங்களில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு பற்றிய அறிவிப்பு வந்தது. திரையில் தெரியும் சொற்களையெல்லாம் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைக்கப் போகிறார்கள். எந்த மொழிக்காரரும் அந்தக் கோப்பை நிரப்பித் தந்தால், திரை முழுவதும் அந்த மொழிக்கு மாறிவிடும். மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அதற்கு எதிரே ஒரு சொல்கூட நிரப்பப்படவில்லை.

கோப்பை அச்செடுத்து அக்காவின் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன, பரீட்சைப் பேப்பரா?"

"ஆமாக்கா. நான் அர்த்தம் சொல்றேன், நீங்க தமிழ் சொல்லுங்க. நீங்கதான் டைப் அடிக்கணும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் உட்கார்ந்தோம். இன்னும் வெளியிடாமல் வைத்திருக்கும் பக்கத்துக்கு அகராதி 'வரைவு' என்றது. அக்கா ஒப்பவில்லை. "நம்ம ஆபீசுல புரூஃப்னுதான சொல்றோம்? பார்ட்டி பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அது புரூஃப்தான்" என்றார். கடைசியில் 'சரிபார்ப்பில்' என்று வைத்தோம். அழிக்கும் பட்டனுக்கு வந்தபோது என் கையிலிருந்த பேனாவையே வாங்கிக்கொண்டார். அமுக்கியதும் வரும் எச்சரிக்கையை அவரே எழுதினார்: 'இதை அழித்துவிடவா? ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.'

பிறகு, வேலையை முடித்துவிட்டுத் திரையை விட்டுப் போகும் பட்டன் வந்தது. நான் 'வெளியேறு' என்றேன். அக்கா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"நாள் பூரா வேலை பாத்துட்டுக் கெளம்புறவள வெளியேறுன்னு வெரட்டுவீகளா? நல்லா இருக்கே. போயிட்டு வாரேன்னு போடு பிள்ள."

அப்படியே 'போய் வருகிறேன்' என்று போட்டோம்.

கோப்பை அனுப்பிய நான்கு நாளில் பதில் வந்தது. தமிழைச் சரிபார்க்க முன்வந்திருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் ஒரு பொறியாளர். எங்கள் வேலையைப் பாராட்டிவிட்டு, மூன்று சந்திப் பிழைகளைத் திருத்தியிருந்தார். மூன்றும் என்னுடையவை. 'போய் வருகிறேன்' மட்டும் மென்பொருளுக்குப் பொருந்தாது, 'வெளியேறு' என்பதே வழக்கம் என்று எழுதியிருந்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே பதில் அடித்தார். 'ஐயா, உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது என்ன சொல்வார்கள்? போகிறேன் என்றால்கூட நாம் பொறுக்கமாட்டோம். வெளியேறு என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்?'

மறுநாள் ஒரு வரியில் பதில்: 'உங்கள் கடிதத்தை என் மனைவி வாசித்துவிட்டார். இனி நான் மறுக்க இயலாது.'

அக்கா அதை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து போய் மெஷின் ரூமில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆடிப் பதினெட்டு அன்றுதான் சிவகாசியில் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். சீசன் அன்றைக்குத்தான் தொடங்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் புதிய பதிப்பு வந்துவிட்டது. காலையில் நான் பதிவிறக்கி ஏற்றும் வரை அக்கா என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். திரை ஒரு கணம் வெள்ளையாகி, பிறகு இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, எங்கள் சொற்களோடு நிறைந்தது.

"எந்திரி பிள்ள" என்றார் அக்கா.

எழுந்தேன். உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பட்டனையும் வாய்விட்டுப் படித்தார். அந்தப் பதிப்புக்கு உதவியவர்கள் பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டார். பெயரின் மேல் விரலை வைத்து, "எங்க ஐயாகிட்ட இதக் காட்டணுமே. வீட்டுல கம்ப்யூட்டர் ஏது" என்றார்.

மெஷின் ரூம் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை வாங்கிப் போய், காலண்டர் அட்டையில் நான்கு வண்ணத்தில் அடித்துக் கொடுத்தார். மேலே தகரப் பட்டியும் தொங்கவிட வளையமும்கூட வைத்திருந்தார். அக்கா அதைச் சுருட்டாமல், பஸ்ஸில் மடியில் நிமிர்த்தி வைத்தபடியே ஏழாயிரம்பண்ணை வரை அப்பாவுக்குக் கொண்டுபோனாராம். முதலாளி சாத்தூர் காராச்சேவு வாங்கி வரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டு அன்று மாதிரிகள் முழுவதையும் அக்காவே தளத்தில் ஏற்றினார். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் யாரையும் கேட்காமல் 'எங்கள் அச்சகத்தார்' என்று புதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அண்ணாச்சி, கட்டிங் மெஷின்காரர், தாள் அடுக்கும் பெண்கள், எல்லோரும் படங்களில் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு எங்கள் அறைக்கு வந்தார். திட்டு விழப்போகிறது என்று நான் எழுந்து நின்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரு படமும் இருக்கு" என்றார். "என்னையத் தவிர."

"நாளைக்கு எடுத்துருவோம்க" என்றார் அக்கா, தட்டுவதை நிறுத்தாமல்.

மறுநாள் முதலாளி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.