ஆண்டாள் கோயிலில் நாலு கைத்தட்டு

ஜப்பான் சண்டை முடிந்த மறு வருசம், போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, நானும் அய்யாவும் சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்வந்தோம். சாமி கும்பிட மட்டும் போகவில்லை. மகாராஜபுரத்தில் எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார் உச்சிவேளைக்குக் கோயிலுக்கு வருவதாகவும், தை மாதக் கல்யாணத்துக்கு அங்கே வைத்து அய்யா வாக்குக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. என்னையும் அவர் ஒரு தரம் பார்த்துக்கொள்வாராம்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்புதான் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் பட்டாளத்தோடு ஜப்பானில் இருக்கிறான். அய்யாவுக்கு எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் வீட்டில் கடிதம் வாசிப்பவள். அன்று கடைசி அரைப்பக்கத்தை நான் வாசிக்கவில்லை. அதில் என் கல்யாணப் பேச்சு இருந்தது. "அய்யா, நான் இல்லாமல் தங்கச்சி கல்யாணத்தை நடத்திவிடாதீர்கள். சித்திரையில் லீவு தருகிறார்கள். அதுவரை பொறுங்கள்" என்று எழுதியிருந்தான். என் கல்யாணத்தை என் வாயாலேயே அய்யா முன்னால் எப்படி வாசிப்பது? வெட்கமாக இருந்தது. "இப்படிக்கு" என்று முடித்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தே நாலு நாள் போய்விட்டது. கடிதம் என் இடுப்பிலேயே இருந்தது.

விடியுமுன் வண்டி பூட்டினோம். ராஜபாளையம் ஐந்து மைல். மாடுகள் நிதானமாக நடந்ததால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேற்கே மலை முழுவதும் மேகம் மூடியிருந்தது. தெரிந்தவர் தொழுவத்தில் வண்டியை விட்டுவிட்டு எட்டு மணி ரயிலைப் பிடித்தோம். ஆளுக்கு மூன்றணா டிக்கெட், அரைமணிப் பயணம்.

ரயிலில் அய்யா, "அந்தச் சப்பான் கோயில் சமாச்சாரத்த இன்னொருக்க வாசிட்டீ" என்றார். முதல் இரண்டு பக்கத்தை மட்டும் விரித்து வாசித்தேன்.

அந்தக் கோயில் இருக்கும் ஊர் இசுமோ. ரொம்பப் பழைய கோயில், முழுக்க மரத்தால் கட்டியது. ஒரு காலத்தில் வானத்தைத் தொடுகிற தூண்கள் மேல் நின்றதாம், பல தடவை சரிந்து விழுந்து மறுபடி கட்டினார்களாம். வாசலுக்கு மேலே வைக்கோலால் முறுக்கிய பிரி தொங்குகிறது, அண்ணன் இடுப்புப் பருமன். அங்கே இருக்கும் சாமி ஆதியில் அந்த நாட்டையே ஆண்டவர். மேலுலகத்துச் சாமிகள் வந்து கேட்டபோது நாட்டைக் கொடுத்துவிட்டு, தனக்கென்று குடியிருக்க ஒரு வீடு மட்டும் கேட்டாராம். அதுதான் அந்தக் கோயில். வருசத்தில் ஒரு மாதம் நாட்டிலுள்ள எல்லாச் சாமிகளும் அங்கே கூடி, யாருக்கு யார் துணை என்று பேசி முடிவு செய்வார்களாம். மற்ற ஊர்களில் அந்த மாதத்துக்கு "சாமி இல்லாத மாதம்" என்று பெயர்.

"நம்ம அய்யனாரு ஒரு மாசம் ஊர விட்டுப் போனா, தண்ணிய யாரு காக்கது?" என்று அய்யா கவலைப்பட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து கோயில் கொஞ்ச தூரம். குதிரை வண்டி நாலணா கேட்டது, மூன்றணாவுக்குப் படிந்தது. வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மார்கழியில கன்னிப்பிள்ளைக இங்க மாப்பிள்ளை கேக்கத்தான வருவாக?"

"அதெல்லாம் கெடச்சாச்சு. நீரு குதிரையப் பாத்து ஓட்டும்," என்றார் அய்யா. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

கோபுரத்தைப் பார்த்துவிட்டு நந்தவனத்துக்குப் போனோம். துளசிச் செடியடியில் குழந்தையாக ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்த இடம் என்று காட்டுகிறார்கள். அவர் பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையை அவள் தினமும் முதலில் தான் சூடிப் பார்ப்பாள். ஒருநாள் அந்த மாலைக்குள் ஒரு தலைமயிரைக் கண்டு அவர் பதறிப்போனார், வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடியதுதான் வேண்டும் என்றுவிட்டார். அவள் மாலையோடு தன்னைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு சன்னிதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்குள் எட்டிப் பார்த்தேன். கீழே வட்டமாக வானம், அதில் கறுப்பாக என் தலை. நாட்டையே கொடுத்த சாமிகூட ஒரு வீடு கேட்டிருக்கிறது. ஆண்டாள் பெருமாளையே மாப்பிள்ளையாகக் கேட்டிருக்கிறாள். அண்ணன் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. இசுமோவில் நாலு தடவை கை தட்டித்தான் சாமியைக் கூப்பிடுவார்களாம். "நம்ம ஆண்டாள் கோயிலுக்குப் போனால் எனக்காக நாலு தட்டு தட்டு" என்றிருந்தான். யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்து மெதுவாகத் தட்டினேன்.

"என்னத்துக்குட்டீ கையத் தட்டுத? காக்கா வெரட்டுதியா?"

அய்யா பின்னாலேயே நின்றிருந்தார்.

"அண்ணன் தட்டச் சொன்னான்யா."

"எப்பச் சொன்னான்?"

"கடுதாசியில."

அய்யா யோசித்தார். "வீட்டுல ஒருக்க, ரயில்ல ஒருக்க, ரெண்டு மட்டம் வாசிச்ச. தட்டுன்னு எங்கயும் வரலியே."

என் கை இடுப்பிலிருந்த கடிதத்துக்குப் போயிற்று. அவர் குரல் தணிந்தது. "வாசிக்காம விட்டது இன்னும் எம்புட்டுட்டீ இருக்கு?"

கிணற்றுப் பக்கத்திலேயே நின்று, கல்யாணமும் கைத்தட்டும் சேர்ந்தே இருந்த அந்த அரைப்பக்கத்தை வாசித்தேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "செத்த சத்தமா," என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். முடித்ததும் கடிதத்தை மடிக்காமல், "எனக்கும் அண்ணன் வரணும்யா. பொறுக்கச் சொல்லுங்க," என்றேன். அய்யாவிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உச்சிவேளைக்கு மகாராஜபுரத்துக்காரர் வந்தார். "என்ன மச்சான், தையில வச்சிருவமா?"

"தை வேண்டாம். சித்திரை. எம் மவன் வந்து நிக்கணும்."

"சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குமே!"

"பந்தல ரெண்டு சுத்து கூடப் போட்டுக்கிடுதேன்."

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ என்ன சொல்லுத?"

"சித்திரைதான் நல்லது மாமா," என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி விடியற்காலையில் கூட்டம் நெருக்கும், ஒன்பது மணிக்கு மேல் போனால் நின்று பார்க்கலாம். குதிரை வண்டிக்கு மூன்றணாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். கிணற்றை வெயில் ஏறிய பிறகு பாருங்கள், அதற்கு முன் உள்ளே ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியது ஏதும் இருந்தால், சாமியிடம் கேட்பதோடு நிற்காமல் கூட வந்தவரிடமும் கேட்டுவிடுங்கள்.

நேற்று அண்ணனிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. லீவு உறுதியாகிவிட்டது. அய்யா எதிரே உட்காரவில்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுத்து தெரியாத மனிதர், முதல் வரியில் விரலை வைத்தார். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் வெறும் தாள் இருந்தது. விரலை அங்கேயும் வைத்து, "இதுல?" என்று கேட்டார்.