முழுகாமல் இருந்தவர்

உங்கள் தாத்தாவுக்குக் கடல் என்றால் உயிர். ஆனால் அவர் கடலில் இறங்கி நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. இது ஏன் என்று எழுதத்தான் நான்கு நாளாக முயல்கிறேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பேன், திரும்பி வருவேன். பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தா, என் நைனா, செஞ்சியில் ஒரு ரைஸ்மில்லுக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்கு அரிசி லோடு. மூட்டை இறக்கியதும் மற்ற டிரைவர்கள் சாப்பிடப் போவார்கள். இவர் கடற்கரைக்குப் போவார். அலை வந்து நிற்கிற இடத்துக்கு இரண்டடி தள்ளி நிற்பார். அலை கிட்டே வந்தால் பின்னால் நகர்வார். அரைமணி நேரம் இதுதான் வேலை. பிறகு தூக்குவாளியில் ஐஸ் போட்டு மீன் வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் நான்கு பேருக்கும் முள் எடுத்துக் கொடுத்துவிட்டு, தலையும் வாலும் அவர் சாப்பிடுவார். உங்கள் அத்தைமார் மூன்று பேருக்கும் தலை பின்னிவிட்டது அவர்தான். அம்மா அதற்குள் கழனிக்குப் போயிருப்பாள்.

லோடு இல்லாத நாளில் அவரை வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டம். செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயந்திரம் நம் மேல்தான் விடும். நாலு மணிக்கு மேல் கிழக்கே இருந்து காற்று லேசாக அசைந்தால் போதும், நைனா தெருவுக்குப் போய் நிற்பார். உள்ளே வருவார். மறுபடியும் போவார்.

“இன்னா, உன் கடலு லெட்டர் போட்டுச்சா?” என்பாள் அம்மா.

“காத்து திரும்பிடுச்சி.”

“திரும்புனா திரும்பட்டும். நீ ஒரு இடத்துல உக்காரு. பாத்துகினு இருக்கிற எனக்குத் தலை சுத்துது.”

மாசி மகத்துக்கு எங்கள் பக்கத்து மலைக்கோயில் பெருமாள் புதுச்சேரி கடலுக்குத் தீர்த்தவாரி போவார். நாங்களும் குடும்பத்தோடு போவோம். சாமி முழுகும்போது ஊரே முழுகும். நைனா மட்டும் எல்லோருடைய செருப்பையும் துணிப்பையையும் பார்த்துக்கொண்டு மணலில் நிற்பார். தண்ணீர் பயம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் எல்லோருக்கும் கழனிக் கிணற்றில் நீச்சல் கற்றுக் கொடுத்ததே அவர்தான்.

கர்ப்பமாக இருப்பதை நம் பக்கத்தில் “முழுவாம இருக்கிறா” என்பார்கள் இல்லையா, அதை வைத்து ஒரு வருஷம் என் பெரிய அத்தை, அதாவது நைனாவின் அக்கா, ஈரப் புடவையோடு வந்து கேட்டது:

“ஏன்டா, பொம்பளைங்க முழுவாம இருந்தா ஒரு ஞாயம் இருக்குது. நீ இன்னாத்துக்குடா வருசா வருசம் முழுவாம இருக்கே? எத்தினி மாசம் உனக்கு?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நைனா பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

எனக்குக் கல்யாணமாகி, உங்கள் அம்மா மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்த நேரம். கூட்டாளி கல்யாணத்துக்குப் புதுச்சேரி கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், நைனா வேர்க்க வேர்க்க வந்தார்.

“கல்யாணத்துக்குப் போ. கடல்ல மட்டும் எறங்காத.”

பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, பாடை தூக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இதெல்லாம் இன்னுமா நம்புற நைனா?”

“நான் எறங்குனேன்டா.”

எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை செத்துப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் லோடு இறக்கிவிட்டு, வெயில் தாங்காமல், கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்தாராம். மூன்றாம் நாள் அம்மாவுக்கு வலி கண்டது.

“உங்கம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“அதுக்கப்புறம் நாங்க நாலு பேரு பொறந்தோமே. இப்ப இன்னா?”

“வூட்ல யாராச்சும் ஒருத்தி முழுவாம இருந்துகினே இருக்கிறாடா. எப்படி எறங்கறது?” என்றார். கணக்குப் பார்த்தேன். முதலில் அம்மா, பிறகு சொந்தக்காரப் பெண்கள், என் தங்கைகள், இப்போது உங்கள் அம்மா. புருஷனுக்கு மட்டும் உள்ள வழக்கத்தை அவர் குடும்பத்துக்கே நீட்டி, தானே சுமந்துகொண்டிருந்தார்.

நீங்கள் எல்லோரும் பிறந்து வளர்ந்த பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. லாரி ஓட்டுவதை விட்டார். தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், புதுச்சேரி பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருவார். போன வருஷம் மாசி மகம் நெருங்க நெருங்க எனக்கு இருப்பு கொள்ளவில்லை. இந்தத் தடவையும் இறங்காவிட்டால் இனி எப்போது? ஒரு நாள் அடக்க முடியாமல், நைனா அன்றைக்குச் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தெரியும். அன்னிக்கு அவரு சட்டையத் தொவைச்சது யாரு? முதுவு பூரா உப்பு பூத்துக் கெடந்துது.”

“அப்ப ஏன் இத்தினி வருசமா நீ கேக்கல?”

“கேட்டா கடல் பக்கமே போவாம இருந்துடுவாரு. அப்புறம் அந்த மனுசன வூட்ல வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

அடுத்த கொத்தை எடுத்து, கீரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள். “அந்தப் புள்ள வயித்துல இருந்தப்ப, கால் வீங்கி இருக்குது, படுத்தே இருன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. நான் நாத்து நடப் போனேன். பத்து நாளு. அத நான் யார்கிட்ட சொல்றது?”

“நைனாவுக்கு?”

“தெரியாது.”

மாசி மகத்தன்று நைனா வழக்கம்போல மணலில் நின்றார். அம்மா போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் முதலில் தங்கைகளைப் பார்த்தார், பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்தார்.

“யாரும் இல்ல. வா,” என்றாள் அம்மா.

இடுப்பளவு போனார்கள். அங்கே நின்று அம்மா அவர் காதருகே என்னவோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நைனா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு முழுகினார். எழ நேரமானதும் நான் தண்ணீருக்குள் ஓடினேன். அதற்குள் எழுந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரில் யாருக்கும் சிவக்கும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. அம்மா சீட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செஞ்சி வரைக்கும் நின்றே வந்தார்.

ஐப்பசியில் போய்விட்டார்.

அம்மா அன்றைக்கு எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டையைச் சொன்னாளா, நாற்று நட்டதைச் சொன்னாளா? அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்ததா, கூடியதா? நேற்றும் கேட்கலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இன்னாடா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா எழுந்து வேலையப் பாரு.”

எழுந்து போனேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.