நான்காவது முறை விழுந்தபோது

போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை நடந்தது இது. குமரி மாவட்டத்துக் கருங்கலிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலோரமாக இருக்கிறது எங்கள் ஊர். இயேசு சிலுவை சுமந்துபோன வழியை வருஷாவருஷம் தெருவிலேயே நடித்துக் காட்டுவோம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. வாய் மட்டும் விடவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு எப்போதும் சாட்டையோடு பின்னால் வரும் படைவீரன் வேஷம்தான்.

இயேசுவாக நடிக்க வந்தவன் என் சினேகிதன். கல்ஃபில் லாரி ஓட்டிவிட்டு நல்ல தொப்பையோடு திரும்பியிருந்தான். அங்கே ஒரு விபத்தில் உயிர் தப்பியதற்காக, சிலுவை சுமப்பதாக நேர்ந்துகொண்டவன். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதும் முதல் ஒத்திகை. அங்கியைப் போட்டுக்கொண்டு அவன் வந்து நின்றால் என் வாய் சும்மா இருக்குமா?

“ஏலே மக்கா, அஞ்சு அப்பத்தையும் அய்யாயிரம் ஜனங்களுக்குக் குடுக்காம நீயே தின்னுப்போட்டியா?”

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறுநாளே ஒரு ஜிம்மில் சேர்ந்தான். வாளி மாதிரி ஒரு டப்பாவில் புரோட்டீன் பவுடர் வாங்கி ஜிம்மிலேயே வைத்துக்கொண்டான். காலையில் ஒரு ஷேக், ராத்திரி ஒரு ஷேக். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஜிம்மில் சொன்னார்களாம். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று இவன் அந்தப் பாதியை விட்டுவிட்டான். சோறும் இல்லை, கப்பைக்கிழங்கும் மீனும் இல்லை.

வேறு மாதமாக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். தவக்காலத்தில் ஒருவன் சாப்பிடாவிட்டால், ஒருசந்தி நோன்பு இருக்கிறான், நல்ல பக்தி என்றுதான் ஊர் நினைக்கும். அவன் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். நான் மட்டும் அவன் கையில் அந்த ஷேக் பாட்டிலைப் பார்த்துவிட்டேன். பார்த்து என்ன செய்தேன்?

“என்ன மக்கா, பால்குப்பி குடிக்கியா? பல்லு மொளச்சதும் சோறு தருவாவளா?”

“ஒனக்கு என்னல தெரியும்? இதுல எல்லாச் சத்தும் இருக்கு. பெரிய வெள்ளிக்கு என்னைப் பாத்து நீ வாயை மூடணும், பாத்துக்க.”

பெரிய வெள்ளி அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தென்னந்தடியில் செய்த சிலுவை வேறு. சிலுவைப்பாதையில் இயேசு மூன்று முறை விழுவார். மூன்றையும் அவன் அருமையாகச் செய்தான். பெண்கள் தேம்பி அழுதார்கள். தெருமுனையில் சிலுவை நட்டிருக்கும் குருசடியைத் தாண்டியதும் இன்னொரு முறை விழுந்தான்.

நான்காவது முறை விழுவது கிடையாது. ஓவராக நடிக்கிறான் என்று நினைத்து, சாட்டையைத் தரையில் அடித்தபடி அவன் காதருகே குனிந்தேன். “ஏலே, போதும், எழும்பு.” கண் பாதி திறந்து கிடந்தது. கையைப் பிடித்தால் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

“ஐயோ, நெசமாட்டே விழுந்துட்டான்! தண்ணி கொண்டு வாங்க!” என்று கத்தினேன். யாரும் நகரவில்லை. அழுகைதான் கூடியது. சில பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மைக்கில் வசனம் வாசித்துக்கொண்டிருந்த உபதேசியார், “படைவீரன் அங்க என்ன செய்யுதான்? எழும்பி நில்லு டே!” என்றார். கூட்டத்தில் ஒருவர், “பெரிய வெள்ளியிலயும் இவன் வெளையாட்டை விடமாட்டான், பாத்தியளா?” என்று முகம் சுளித்தார்.

என் பேச்சுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோனது.

சிலுவையைத் தள்ளிவிட்டு, தகரத் தொப்பியை வீசி எறிந்துவிட்டு, அவனைத் தூக்கித் தோளில் போட்டேன். கனம் தாங்குமோ என்று பயந்துகொண்டேதான் தூக்கினேன், சட்டென்று வந்துவிட்டான். தொப்பை இருந்த இடத்தில் வெறும் அங்கிதான் இருந்தது. நான் அழுதுகொண்டே ஓடுவதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் வழிவிட்டது.

“வெறும் பவுடரைக் குடிச்சிட்டு இந்த வெயில்ல சிலுவை தூக்கினா ஒடம்பு எப்பிடித் தாங்கும்? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நம்ம கையில இல்ல” என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. “ஒருசந்தின்னுல்லா நெனச்சேன் அண்ணே” என்று அவன் மனைவி என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாயங்காலம்தான் அவன் நன்றாகக் கண் விழித்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: “ஏலே, இப்பம் வயிறு கொறஞ்சிருக்கா?”

நான் அவன் போர்வையை வயிற்றுக்கு மேலே இழுத்துச் சரிசெய்தேன்.

இப்போது அவன் கப்பையும் மீனும் தின்கிறான், கடற்கரையில் நடக்கிறான், ஷேக்கும் குடிக்கிறான், மெதுவாக இளைக்கிறான். நானும் கேலி பேசுவதை விட்டுவிடவில்லை. ஆனால் என் கேலிக்கு ஆளாகி என்னோடு சேர்ந்து சிரிக்கிறவன் மறுநாள் ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.